பானையைப் பிடித்த கை

ஒரு வீட்டை அறிவதற்கு வழிகள் இரண்டு என்பர். அதன் உறுப்புகளை முன் - பின், உலர்வு - ஈரம், ஆண் - பெண் என எதிரிணைகளாகப் பிரித்து, அவற்றின் உறவுகளைக் காண்பது அமைப்பியல். அவ்வீட்டில் வாழும் உடலுக்கு அது எவ்வாறு தோன்றுகிறதோ, அவ்வாறே விரித்துரைப்பது நிகழ்வியல். இப்பெயர்கள் தமிழில் பரவலாக வழங்காத அறுபதுகளின் இறுதியில், கோலார் தங்கவயலில், நான் முன்னதைப் பற்றி நின்றேன். என் நண்பர் பின்னதைப் பற்றினார். அவர்மீது எனக்குண்டான பொறாமை இன்றளவும் தீர்ந்தபாடில்லை.

பெங்களூரிலிருந்து கட்டடக்கலைப் பேராசிரியர் ஒருவர், சுரங்கத் தொழிலாளர்க்குப் புதிய குடியிருப்புகளை வரையுமுன், அவர்கள் வாழும் வீடுகளை ஆராய முற்பட்டார். உடன் பணிபுரிய ஒருவர் மட்டுமே தேவை. முதுகலை முடித்து வேலையின்றி இருந்த நாங்கள் இருவரும் அவ்விடத்தை நாடினோம். நான் ஸ்கெலட்டன் லைன் என்னும் தொழிலாளர் குடியிருப்பில், மூங்கில் தட்டியும் தகரக் கூரையும் கொண்ட வீட்டில் பிறந்து வளர்ந்தவன். நண்பரோ பங்காருபேட்டைப் புகைவண்டி ஊழியரின் மகன். அப்பணி எனக்கே உரியது என்று உறுதியாக நம்பினேன்.

தொழிலாளர் வீடு ஒன்றை ஆராய்ந்து காட்டும்படி பேராசிரியர் எங்கள் இருவரிடமும் சொல்லியிருந்தார். நண்பரும் தம் ஆய்வுக்கு எங்கள் வீட்டையே தேர்ந்துகொண்டார். நாள்தோறும் வருவார், சுவரோரம் அமர்வார், எதையும் அளக்கமாட்டார். என் தாய் அவருக்கு மட்டும் தேநீரில் இஞ்சி தட்டிப் போடுவார். நான் பல வாரம் முயன்று வரைந்த கட்டப்படத்தை ஒருநாள் தாயிடம் விரித்துக் காட்டினேன்.

"இதுல நான் எங்கடா கீறேன்?"

"பின்னாடி கட்டத்துலம்மா. ஈரம்னு போட்டிருக்கு பாரு, அதுக்குப் பக்கத்துல."

"ஈரத்துலயா? சளி புடிச்சிக்கும்டா! அந்தத் தம்பியப் பாரு, குந்திக்கினு எங்கூடப் பேசுது. நீ கோடு கிழிச்சிக்கினே இரு."

நண்பர் வாய்விட்டுச் சிரித்தார். அந்தச் சிரிப்பில் அவர் இவ்வீட்டு மகனாகவும் நான் வந்துபோகும் விருந்தினனாகவும் மாறிவிட்டதாக எனக்குத் தோன்றியது.

பேராசிரியர் எங்கள் வீட்டைக் காண வந்த முற்பகலில், இரவு ஷிப்ட் முடித்த தந்தை திரைக்குப் பின்னால் உறங்கிக்கொண்டிருந்தார். நான் தணிந்த குரலில் என் படத்தை விளக்கத் தொடங்கினேன். பேராசிரியர் ஆர்வத்துடன் தலையசைத்தார். அவ்வேளையில் நிலம் அதிர்ந்தது. ஆழத்தில் பாறை வெடித்தால் மேலே வீடுகள் குலுங்கும். அதனை ஏர் பிளாஸ்ட் என்பது எங்கள் வழக்கம். கூரைத் தகரம் படபடத்தது. பேராசிரியர் திடுக்கிட்டு எழுந்துவிட்டார். தாய் வாசலில் நின்று வெளியே பார்த்தார்.

"எந்தப் பக்கம்?" என்றது திரைக்குப் பின்னிருந்து தந்தையின் குரல்.

"நந்திதுர்க் சுரங்கம் பக்கம் போலக் கீது. நீ தூங்குய்யா."

பேராசிரியர் என்னை வியப்புடன் நோக்கினார். "நீங்க ஏன் அங்க போனீங்க?"

"எங்க சார்?" என்றேன்.

அதன் பின்னரே கண்டேன். படம் தரையில் கிடந்தது. என் உள்ளங்கைகள் இரண்டும் மூலையிலிருந்த அடுக்குப் பானைகளை அழுத்திப் பிடித்திருந்தன.

"இவனுக்குத் தெரியாது சார்," என்றார் நண்பர். "கை அதுவாப் போவுது. ஒவ்வொரு தடவையும் அம்மா வாசலுக்கு, இவன் பானைக்கு. யாரும் யாருக்கும் சொல்றதில்ல. அதிர்றப்ப இவங்க எங்கெங்க நிக்கிறாங்களோ, அதான் சார் இந்த வீட்டோட பிளான்."

பிறந்தது முதல் என்னுடன் இருந்த என் கையை அவர் சில வாரங்களில் கண்டுவிட்டார். அவருடைய வாதத்திற்குச் சான்றும் நானே. தோல்வியைக் காட்டிலும் இதுவே என்னை எரித்தது.

புதிய வீட்டில் பாத்திர அடுக்கு எவ்வளவு தாழ்வாக, கைக்கு எவ்வளவு அருகில் அமையவேண்டும் என்று அவ்விருவரும் அங்கேயே பேசத் தலைப்பட்டனர். விடைபெறும்போது பேராசிரியர் என் படத்தை எடுத்துத் தூசி தட்டி, "கோடுகள் ரொம்ப நேர்த்தி" என்று கொடுத்தார். பணி எவருக்கு என்பதைத் தனியே சொல்லவேண்டிய தேவை இருக்கவில்லை.

பெங்களூர் புறப்பட்ட அன்று நண்பர் என் தோளில் கை வைத்தார். "கோவமாடா?"

"கோவம் இன்னா கோவம். போ, வண்டி போயிடும்."

அவர் சென்ற சில நாட்களில் நிலம் மீண்டும் அதிர்ந்தது. எழ முனைந்த கைகளை மார்போடு இறுகக் கட்டிக்கொண்டேன். அவர் எழுதிவைத்ததை நடித்துக்காட்ட எனக்கு மனமில்லை. மேல்பானை சரிந்து விழுந்து உடைந்தது. உள்ளிருந்த கேழ்வரகு தரையெங்கும் சிதறியது.

வாசலிலிருந்து தாய் ஓடிவந்தார். "மரமாட்டம் நிக்கிறியே, கையில இன்னாடா கேடு?"

"பாத்துக்கினு இருந்தேம்மா."

"பாக்கறதுக்குத்தான் ஒருத்தன் பெங்களூருக்குப் போயிருக்கானே! நீ முறத்த எடு, கேவுர அள்ளு."