கியர் கம்பி மாட்டிய நாள்

எனக்கு வயது எழுபத்தெட்டு. பெற்றது ஐந்து, வளர்த்தது ஏழு. கொழுந்தனார் பிள்ளைகள் இரண்டு பேரும் எங்கள் வீட்டுச் சோறு தின்றுதான் பெரியவர்களானார்கள். ஏழு பேரும் நன்றாக இருக்கிறார்கள். அது எனக்குப் பெருமை. இன்னொரு பெருமையும் உண்டு. எங்கள் ஊரில் ஸ்கூட்டருக்குக் கியர் கம்பி மாட்டிய ஒரே பொம்பளை நான்தான். முதல் தடவை தப்பாகத்தான் மாட்டினேன். அதையும் சொல்கிறேன்.

இட ஒதுக்கீடு கேட்டு ரோட்டில் மரத்தை வெட்டிப் போட்டிருந்த சமயம் அது. பஸ் நின்று மூன்று நாளாகியிருந்தது. எங்கள் ஊர் கள்ளக்குறிச்சிக்கு மேற்கே, கல்வராயன் மலைக்கு அடியில். என் மூத்த மகளுக்குத் திருக்கோவிலூரிலிருந்து கார்டு வந்திருந்தது. பால்வாடி டீச்சர் வேலை. மறுநாள் காலை பத்து மணிக்கு நேரில் வர வேண்டும். பத்தாவது முடித்த நாளிலிருந்து அந்த ஒரு கார்டுக்காகத் தபால்காரரையே பார்த்துக்கொண்டிருந்தவள் அவள். பஸ் இல்லாவிட்டால் போகட்டும், வீட்டுக்காரர் பழசாக வாங்கிய ஸ்கூட்டர் இருக்கிறது என்று தைரியமாக இருந்தோம். கிளம்புவதற்கு முந்தின நாள் காலை அது கியர் கம்பி அறுந்து வாசலில் நின்றது.

வீட்டுக்காரர் சைக்கிளை மிதித்துக்கொண்டு டவுனுக்குப் போனார். கடையெல்லாம் அடைப்பு. வண்டியை விற்ற பாய், தன் வீட்டுப் பக்கக் கதவு வழியாகக் கடைக்குள் போய்க் கம்பி எடுத்துக் கொடுத்தாராம். மெக்கானிக் ஒருவரும் கிடைக்கவில்லை.

"ஒன்னு அறுந்தா இன்னொன்னும் அறுந்துதான் போவுமாம். ரெண்டையும் மாத்திடச் சொன்னாரு பாய்" என்று இரண்டு கம்பியை என் கையில் கொடுத்தார்.

ஸ்கூட்டரில் கியர் இடது கைப்பிடியில் இருக்கும். அதிலிருந்து இரண்டு கம்பி இரண்டு குழாய்க்குள் ஓடி, அடியில் இருக்கும் கியர் பெட்டிக்குப் போகும். முன்னால் திருப்பினால் ஒன்று இழுக்கும், பின்னால் திருப்பினால் மற்றது இழுக்கும். மேலே அவர் உட்கார்ந்தார். கீழே நான். அவர் விரல் மஞ்சள் கிழங்கு மாதிரி. அந்தச் சந்துக்குள் போகாது. கம்பியில் விளக்கெண்ணெய் தடவி அவர் மேலிருந்து நுழைக்க, கீழே வந்த முனையை நான் பிடித்துத் திருகில் கட்டினேன்.

"இறுக்கு புள்ள, இன்னும் இறுக்கு."

"சும்மா இருங்க. கவலை ஓட்டுனவளுக்குக் கயிறு தெரியாதா?"

கவலை என்றால் மாடு கட்டிக் கிணற்றிலிருந்து தண்ணீர் இறைப்பது. அதிலும் இரண்டு கயிறு. வடம், சால் என்கிற தண்ணீர்ப் பாத்திரத்தைத் தூக்கும்; வால்கயிறு அதன் அடியில் தொங்கும் தோல் வாலைப் பிடிக்கும். வால்கயிறு விறைப்பாக இருந்தால் தண்ணீர் பாதிக் கிணற்றிலேயே கொட்டிவிடும். தொங்கினால் மேலே வந்தும் கொட்டாது. அந்தக் கணக்கில்தான் இரண்டு கம்பியையும் ஜாஸ்தி கம்மி இல்லாமல் நிறுத்தினேன். நியூட்ரல் கோடு சரியாக நேரில் வந்து நின்றது. எனக்குத் தலை கால் புரியவில்லை.

மறுநாள் காலை ஆறு மணிக்கு மூன்று பேரும் கிளம்பினோம்.

"நீ எதுக்கு? பாரம் ஜாஸ்தியாவுது" என்றார் அவர்.

"நான் மாட்டுன கம்பி. நான் இல்லாம வண்டி நவுராது."

நான் இருந்தும் நகரவில்லை. ஒன்றில் போட்டால் திணறிக்கொண்டு கிளம்பியது. இரண்டில் போட்டால் கத்திக்கொண்டு ஊர்ந்தது. மூன்றாவது கியர் வரவே இல்லை. தியாகதுருகம் தாண்டும்போது எட்டு மணி ஆகிவிட்டது. அங்கே ரோட்டுக்குக் குறுக்கே ஒரு புளியமரம் கிடந்தது. சுற்றிலும் பத்து இருபது பையன்கள்.

"எங்கண்ணே போறீங்க? வண்டி இன்னா, அழுவுது?"

"பொண்ணுக்கு வேலைக்குக் கார்டு வந்துகீது தம்பி. பத்து மணிக்குத் திருக்கோவிலூர்ல இருக்கணும்."

ஒருத்தன் என் மகளைப் பார்த்தான். "நாங்களும் வேலைக்குத்தான்கா ரோட்ல நிக்கறோம். ஒருத்தராவது போய் வாங்குங்க. டேய், தூக்குங்கடா!"

ஆறு பேர் சாமி தூக்குவது போல வண்டியைத் தூக்கினார்கள். அதன் வயிறு என் முகத்துக்கு நேரே வந்தது. தூக்கிய ஒருத்தன் கை பட்டுக் கைப்பிடி முன்னால் திரும்பியது, பின்னால் திருப்பினால் இழுக்க வேண்டிய கம்பி இழுபட்டது. எனக்குப் பொட்டில் அடித்த மாதிரி விளங்கிவிட்டது. வால்கயிற்றை வடத்தின் இடத்தில் கட்டியிருந்தேன்! இரண்டையும் ஒரே நேரத்தில் கழற்றியதுதான் தப்பு. ஒன்றை மாட்டிவிட்டு அல்லவா மற்றதைத் தொட்டிருக்க வேண்டும்!

"அப்படியே நில்லுங்கப்பா! எறக்காதீங்க!"

"யக்கா, கை நோவுதுக்கா!"

"மரத்து மேல வச்சுப் புடிச்சுக்குங்க. ஒரு வெத்தல போடற நேரம்."

இடுப்பில் செருகியிருந்த திருப்புளியை எடுத்தேன். என் மகள் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு குழாய் இரண்டையும் பிடித்தாள். கழற்றி, இடம் மாற்றி, அளவு பார்த்து முடுக்கினேன். வேர்த்துக் கொட்டியது.

"மேல நீங்கதான் மாத்தி விட்டீங்க" என்றேன் வீட்டுக்காரரிடம்.

"கீழ நீதான் மாத்திக் கட்டுன."

அவர் கண் மூடும்வரை அந்த வழக்குத் தீரவில்லை.

மரத்துக்கு அந்தப் பக்கம் இறக்கியதும் உதைத்தார். கியர் ஒன்று, இரண்டு, மூன்று, நாலு! பையன்கள் விசில் அடித்தார்கள். என் மகள் காற்றில் சிரித்துக்கொண்டே வந்தாள்.

பத்துக்கு ஐந்து நிமிஷம் இருக்கும்போது கார்டில் போட்டிருந்த ஆபீஸ் வாசலில் இறங்கினோம். அவள் உள்ளே போனபோது கையெல்லாம் கிரீஸ். "பஸ்சே இல்லையே, எப்படிம்மா வந்த?" என்று அங்கே இருந்த அதிகாரி அம்மா கேட்டார்களாம். "எங்கம்மா கியர் கம்பி மாட்டுனாங்க, வந்தேன்" என்றாளாம். உள்ளே எழுந்த சிரிப்பு வெளியே எனக்குக் கேட்டது.

வேலை கிடைத்தது. எங்கள் பக்கத்து ஊர் பால்வாடியிலேயே போட்டார்கள். அங்கே அவள் பிள்ளைகளுக்கு அ, ஆ எழுதிக் காட்டும்போது, மதியச் சாப்பாட்டுக்கு ஒத்தாசையாகப் போய் அரிசி புடைத்துக்கொண்டே நானும் பார்த்து வைத்தேன். இப்போது எழுதுவது அந்த எழுத்துதான். ஒரு பக்கத்துக்கு ஒரு வாரம் ஆகிறது. ஆகட்டும், எனக்கென்ன அவசரம்.

அவள் மகள் அதோ செல்போனை நோண்டிக்கொண்டு இருக்கிறாள்.

"கண்ணு, அத வச்சிட்டு இங்க வா. ஆயா எழுதுனத மொதல்லருந்து படி. உங்கம்மாவுக்கும் கேக்கட்டும், சத்தமா படி."