கிட்டங்கிச் சாவியைக் கேட்டாள்

தொண்ணூறுகளின் கடைசியில் ஓர் ஐப்பசி. கரிசலின் மேல் மேகம் திரண்டு, பெய்யாமல் நின்றது. காற்றே இல்லை. வீட்டில் என் மனைவி செண்பகம் தூங்குவதை நிறுத்தியிருந்தாள்.

அவளுக்கு இருமுனை மனநோய். மனம் சில மாதம் பள்ளத்தில் கிடக்கும், சில மாதம் உச்சியில் ஏறி நிற்கும். மாத்திரையின் புண்ணியத்தில் சமதரையில் நடந்துகொண்டிருந்தோம். அந்தக் கந்த சஷ்டிக்குப் பாலைத் தவிர எதையும் விழுங்குவதில்லை என்று விரதம் பிடித்தவள், மாத்திரையையும் விட்டுவிட்டாள். யாரிடமும் சொல்லவில்லை. நானோ அந்த நோயைப் பற்றி அலமாரி நிறையப் படித்தவன். அவள் முகத்தின் பளபளப்பைப் பார்த்து, விரதத்தின் தேஜஸ் என்று பூரித்துப்போனேன்.

சூரசம்ஹாரத்துக்கு முந்தின நாள் காலை வந்து நின்றாள்.

"ஏங்க, கிட்டங்கிச் சாவியத் தாங்க."

நான் தீப்பெட்டி ஆபீஸ் மேனேஜர். சரக்கு அடுக்கும் கிட்டங்கி முழுக்க மருந்தில் தோய்த்த தீக்குச்சி.

"எதுக்கு?"

"உள்ள நூத்தியெட்டு விளக்கு ஏத்தணும். முருகன் சொல்லுதான். ஒங்களுக்குக் கேக்கலையா?"

அவள் கண் இமைக்கவில்லை. மாத்திரை டப்பாவைத் திறந்து பார்த்தேன். அப்படியே இருந்தது.

அடுக்களையில் மாமியார் குரலைத் தாழ்த்தினார். "மாப்பிள, மாத்திரையப் பொடிச்சுப் பால்ல போட்டிருவோம். அவளுக்குத் தெரியவா போகுது?"

"தெரிஞ்சா, பெறகு எங் கையால பச்சத்தண்ணி வாங்க மாட்டா, அத்தை."

"ஆமா, ஊரு எரியட்டும். ஒங்க நேர்மை நெலைக்கட்டும்!"

சாமி படத்தின் முன் போய் நின்றேன். மனப்பாடமாக இருந்த துதி ஒன்றுகூட வரவில்லை. "கழுகுமலையானே, நோயை எடுத்துக்கோன்னு கேக்கல. டாக்டர்ட்ட போவோம்னு அவ வாயால வரணும். அது போதும்." அழுதேன். இவ்வளவு பெரிய மீசைக்காரன் அழுவது பார்க்கச் சகிக்காது. முருகன் பொறுத்துக்கொண்டான்.

திரும்பினால் செண்பகம். சாவிக்குக் கையை நீட்டிக்கொண்டு நின்றாள்.

"சாவி தர மாட்டேன், செண்பகம். ஒனக்கு முடியல. போன தடவ மாதிரியே இருக்கு."

"கெணத்துல குதிக்கப் போனேனே... அப்பமா?"

"ஆமா."

நீட்டிய கையை மடக்கிக்கொண்டாள்.

"எங்கிட்ட பொய் சொல்லுதீங்களா?"

"என்னைக்காவது சொல்லியிருக்கேனா?"

"அப்பம் டாக்டர்ட்ட போவோம். முருகன்ட்ட நான் பேசிக்கிடுதேன்."

திருநெல்வேலி பஸ்ஸில் என் தோளில் சாய்ந்திருந்தாள். மறுபடி சமதரைக்கு வர மாதங்களாயின. தெளிந்தபின் அவளே சொன்னாள்: "தூக்கம் கொறஞ்சா மொதல்ல எங்கிட்டயே சொல்லுங்க. எங்கம்மாட்ட குசுகுசுக்காதீங்க." இன்றுவரை அதுதான் எங்கள் ஒப்பந்தம்.

நான் கேட்டதை முருகன் தந்தான். கேட்காததைத் தரவில்லை. நோய் இருக்கிறது, எனக்குப் பயமும் இருக்கிறது. உங்கள் வீட்டிலும் இப்படியொருவர் இருந்தால், அவரை ஏமாற்றாதீர்கள். வைத்தியரை விடாதீர்கள். மிச்சத்தை அவனிடம் கேளுங்கள், வருவான்.

இப்போதும் காலையில் அவள் முகத்தைத் திருட்டுத்தனமாகப் பார்ப்பேன்.

"நான் நல்லாத்தான் தூங்குனேன்" என்பாள். "நீங்கதான் முழிச்சுக் கெடந்தீங்க. டாக்டர்ட்ட கூட்டிட்டுப் போகவா?"