இரண்டு தங்கச்சிகள்

என் தங்கையை எல்லோரும் ஊசி என்றுதான் கூப்பிடுவார்கள். தையல்காரி என்பதால் வந்த பெயர் என்று வெளியார் நினைப்பார்கள். வாயால் வந்த பெயர் என்பது வீட்டில் எங்களுக்குத்தான் தெரியும். ஆனால் அவள் மடித்துத் தைத்த ஓரத்தில் பிசிறு பார்த்தவர் கிடையாது. கூடப் பிறந்தவள் என்பதற்காகச் சொல்லவில்லை. என் வீட்டுத் தலையணை உறைகளை யார் வேண்டுமானாலும் வந்து பார்க்கலாம்.

முன்பெல்லாம் வருடந்தோறும் மழை விட்டதும் படகேறித் தீவுக்குப் போவாள். அங்கே கடலைப் பார்த்தபடி ஒரு சின்ன விடுதி. அதன் விரிப்பு, உறை, திரைச்சீலை எல்லாம் அவள் கைவேலை. வேலைக்குத்தான் போனாள். ஆனாலும் அவளுக்கு உல்லாசம் என்று ஒன்று இருந்ததென்றால், அது அந்த மாடி அறையும், ஜன்னலோரத் தையல் மிஷினும், விடுதிக்கார அம்மா கீழிருந்து "தங்கச்சி!" என்று கூப்பிடுவதும்தான். பிறகு மாமியார் படுக்கையில் விழுந்தார். கணவருக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது. தீவு விட்டுப்போயிற்று.

மகளின் கல்யாணம் முடிந்த கையோடு என்னிடம் வந்தாள். "அக்கா, துணைக்கு வா. அங்க என் இடம் இன்னும் இருக்கான்னு பாத்துட்டு வந்துடலாம்."

விடுதிக்கார அம்மா அவளைக் கட்டிக்கொண்டார். கட்டிக்கொண்டபடியே மாடியைப் பார்த்து, "தங்கச்சி, யாரு வந்திருக்கா பாரு!" என்று குரல் கொடுத்தார்.

கழுத்தில் அளவு டேப்போடு ஒரு சுருட்டை முடிக்காரி இறங்கி வந்தாள்.

"இப்ப நம்ம தையல் வேலையெல்லாம் இவதான்."

"ஓ" என்றாள் ஊசி. அவள் முகம் முதல் தண்ணீரில் நனைந்த பருத்தித் துணியாகச் சுருங்கிவிட்டது.

மாடி அறைக்குப் போனதும் ஆராய்ச்சி தொடங்கிற்று. மிஷின் சுவரோரம் நகர்ந்திருந்தது. "வெளிச்சத்துக்கு முதுகு காட்டித் தைக்கிறா பாரு, மகாராணி!" விரிப்புகளைப் புரட்டிப் பார்த்தாள். குறை எதுவும் அகப்படவில்லை. அதுவே அவள் வயிற்றெரிச்சலைக் கிளப்பிவிட்டது. கடைசியில், வெயிலில் நிறம் மாறிப்போன ஜன்னல் திரையைப் பிடித்தாள்.

"இங்க பாருக்கா, ஓரம் எப்படிக் கோணிக்கிட்டுப் போகுது! கண்ணை மூடிக்கிட்டு தச்சாளா? நாய் மென்னு போட்ட மாதிரி இருக்கு."

திரும்பினால் வாசலில் விடுதிக்கார அம்மாவும் சுருட்டை முடிக்காரியும் நிற்கிறார்கள். அம்மா வாயைப் பொத்திச் சிரித்தார். "அடிப்பாவி! கடைசியா வந்தப்ப படகுக்கு நேரமாச்சுன்னு நீ அவசரத்துல தச்சதுடி அது!"

சுருட்டை சிரிக்கவில்லை. "பிரிச்சுத் தச்சுடறேன்னு எத்தனை தடவை கேட்டேன்! அவளே வந்து பிரிக்கட்டும்னுட்டாங்க. நான் எதைத் தச்சாலும், அவ கை மாதிரி வருமா, அவ கை மாதிரி வருமா... உங்க பேரைக் கேட்டுக் கேட்டு என் காது புளிச்சுப்போச்சு."

"புளிச்சா நான் என்ன பண்றது?" என்றாள் ஊசி. உதட்டோரம் மட்டும் அவள் பேச்சைக் கேட்காமல் லேசாக விரிந்தது. திரையைக் கழற்றி மடியில் போட்டுக்கொண்டு பிரிக்க உட்கார்ந்தாள். சுருட்டையும் விடாமல் மிஷினில் போய் அமர்ந்தாள். கீரிக்கும் பாம்புக்கும் நடுவே நான். கத்தரியும் மிஷினும் மட்டுமே பேசிக்கொண்டன.

அதற்குள் கீழே போய்விட்ட அம்மாவின் குரல் வந்தது. "தங்கச்சி!"

"என்னக்கா?" இரண்டு பேரும் ஒரே மூச்சில் பதில் சொன்னார்கள். சொல்லிவிட்டு ஒருத்தியை ஒருத்தி முறைத்தார்கள்.

கீழேயும் கொஞ்சம் யோசனை. பிறகு, "ரெண்டு பேர்ல மூத்தவ வாடி!"

பெண் பார்க்க வந்தவர்களிடமே வயதைக் குறைத்துச் சொன்னவள் என் தங்கை. இப்போது துணியை உதறிவிட்டு எழுந்தாள். "நான்தான் மூத்தவ. இவளைவிட பத்து வயசு பெரியவ நான்!" என்று சொல்லிக்கொண்டே தடதடவென்று படியிறங்கினாள்.

சுருட்டை மிஷினை நிறுத்திவிட்டு என் பக்கம் திரும்பினாள்.

"பத்தாம் பத்து! பதினஞ்சுக்குக் குறையாது."