கேட்காமலே ஆட்டிய தலை

கொழும்பு நிறுவனங்கள் அனுப்பும் ஒலிப்பதிவுகளைக் கேட்டுத் தட்டச்சு செய்து கொடுப்பது என் வேலை. தில்லையடியில் வீட்டிலிருந்தே செய்வதால் பஸ் அலைச்சல் இல்லை. தொழுகையும் சமையலும் தவறுவதில்லை. ஆனால் வீட்டில் இருப்பவளுக்கு வேலை இருக்கிறது என்று அக்கம்பக்கத்தில் யாரும் நம்புவதில்லை.

சென்ற ஒக்டோபரில் ஒரு வியாழக்கிழமை, நண்பகல் தொழுகைக்கான லுஹர் பாங்குக்குச் சற்று முன், பக்கத்து வீட்டில் இருக்கும் என் கணவரின் தங்கை ஸரீனா வாசலில் நின்று ஏதோ சொன்னாள். என் காதில் ஹெட்போன். வழக்கம்போலத் தலையை ஆட்டிவிட்டு வேலையைத் தொடர்ந்தேன்.

ஒரு மணி நேரம் கழித்துச் சந்தையிலிருந்து திரும்பியவள், "மதினி, புள்ள எங்க?" என்றாள்.

"எந்தப் புள்ள?"

"விறாந்தையில உட்டுட்டுப் போறேன், பாத்துக்கோங்கன்டு சொன்னேனே. நீங்களும் தலையாட்டினீங்களே."

அவளுடைய மகள் அம்னாவுக்கு இரண்டு வயது. வீட்டுக்குப் பின்னால் சுற்றுக்கட்டு உயரமில்லாத கிணறு மழையில் நிரம்பிக் கிடந்தது. இருவரும் அங்கேதான் ஓடினோம். கலங்கிய தண்ணீரில் ஒன்றும் தெரியவில்லை. ஸரீனா வாளியை இறக்கித் துழாவினாள். அவள் முகத்தைப் பார்க்க எனக்குத் துணிவில்லை.

அப்போது முன்வாசலில் மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டது. எங்கள் தெருவுக்கு மீன் கொண்டுவரும் நானாவின் கையில் அம்னா.

"பஸ் போற ரோட்டுல நின்டிச்சு. ஏன் தங்கச்சி, ஊட்டுல ஒருத்தரும் இல்லயா?" என்று என்னைக் கேட்டார்.

இப்போது யார் வாசலுக்கு வந்தாலும் ஹெட்போனைக் கழற்றிவிட்டே கேட்கிறேன். பிள்ளையைக் கையில் தந்தால்தான் பொறுப்பேற்பேன் என்றும் சொல்லிவிட்டேன். ஸரீனா கோபிக்கவில்லை, அம்னாவை என் மடியில் இருத்திவிட்டே போகிறாள். அந்த நேரத்தில் ஒரு வரிகூடத் தட்ட முடிவதில்லை.