செக்ரோலில் எழுதாத புகை

என்னை நானே அறிவாளி என்று நினைத்துக்கொண்டிருந்த காலத்தில் செய்த முட்டாள்தனத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். ஈயச் சுரங்கத்தில் கணக்கெழுதும் கிராணியாக இருந்த ஒன்பது வருடமும், செக்ரோல் என்ற வருகைப் புத்தகத்தில் யார் எங்கே வேலை செய்தார் என்ற கட்டத்தில் எல்லாருக்கும் 'வெளிவேலை' என்றே எழுதினேன். போய்ப் பார்த்துத்தான் எழுத வேண்டும். ஆனால் வெயில். என் சட்டை வேறு வெள்ளை.

புக்கிட் ரோத்தானில் இருக்கும் மச்சான், என் மனைவியின் அண்ணன், அந்த ஒன்பது வருடமும் டீசல் இஞ்சின் கொட்டகைக்குள்தான் பம்ப் ஓட்டினார். இப்போது நுரையீரல் கெட்டுவிட்டது. நஷ்டஈடு கேட்டிருந்தார். அது சுரங்கப் புகையால் வந்த நோய்தானா என்று முடிவு செய்ய, அந்தக் காலத்தில் அவர் எவ்வளவு புகை குடித்திருப்பார் என்று கணக்கிடும் டாக்டரம்மாவிடம் போனோம். சுரங்கம் மூடிக் குளமாகிவிட்டது. பாழாய்ப்போன புத்தகத்தை மட்டும் யாரோ பத்திரமாக வைத்திருந்திருக்கிறார்கள். மேசைமேல் என் கையெழுத்து, முத்து முத்தாக: 'வெளிவேலை'.

என்னால் உட்கார முடியவில்லை. எழுந்து தண்ணீர் குடித்தேன். ஜன்னலைத் திறந்தேன், மறுபடி மூடினேன்.

"அங்கிள், உக்காருங்க லா," என்றார் டாக்டரம்மா. "வெளிவேலைன்னா புகை கம்மின்னுதான் போட முடியும். கொட்டகை எப்படி இருந்துச்சு? எத்தன இஞ்சின்?"

"மூணு. நாலு பக்கமும் தகரம். மழைன்னா கதவையும் சாத்திருவாங்க."

"உள்ள போய்ப் பாத்தீங்களா?"

"வாசல் வரைக்கும். சம்பள நாள்ல மட்டும் கையெழுத்து வாங்க புத்தகத்த நீட்டுவேன், உள்ளருந்து ஒரு கை வரும். மூஞ்சி தெரியாது, அவ்ளோ புகை."

மச்சான் இருமிக்கொண்டே சிரித்தார். "மூக்கப் பொத்திக்கிட்டு நிப்பாரும்மா நம்ம மாப்ள, தொர மாதிரி."

டாக்டரம்மா சிரிக்கவில்லை. புத்தகத்தில் இருப்பது தப்பு என்று நானே எழுதிக் கொடுத்தால்தான் கணக்கை மாற்றிப் பார்க்க முடியும் என்றார். பேனாவை மூன்று தடவை மூடித் திறந்தேன். 'போய்ப் பார்க்காமலே எழுதினேன்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். கிராணியாக நான் எழுதிய முதல் உண்மை அதுவாகத்தான் இருக்கும்.

"இதையும் சேத்து அனுப்புறேன். நஷ்டஈட்டு ஆபீஸ்ல ஒத்துக்குவாங்களான்னு சொல்ல முடியாது," என்றார்.

காரில் திரும்பும் வழியெல்லாம் நான்தான் பேசினேன். ரேடியோவைப் போட்டேன், அணைத்தேன். மச்சான் வெளியே பார்த்தபடியே வந்தார். இஜோக் ஊரைத் தாண்டியதும் பொறுக்க முடியாமல் கேட்டுவிட்டேன்.

"எம் மேல கோவமா மச்சான்?"

"மூச்சு வாங்குது. அப்புறமா கோவிச்சுக்கிறேன்."