தையலக்காவின் முன்பல்

சட்டையைக் கொண்டுவந்தவர் பேசி முடிப்பதற்குள் தையலக்கா அதை உள்பக்கமாகப் புரட்டிவிடுவார். வெளிப்பக்கம் அவருக்குப் பொருட்டே இல்லை. "வெளிய எல்லாரும் நல்லாத்தான் தைப்பாங்க. உள்ளதான் ஆளு தெரியும்" என்பார். பிரிந்த இடத்தை விரலால் தடவி, "அவசரத்துல தச்சது. நாளைக்கு வாங்க" என்று சட்டையைக் கூடையில் போடுவார்.

இருபத்திரண்டு வருடம் பல்லால் நூலைக் கடித்தவர். மேல்வரிசை முன்பல் ஒன்றின் நுனியில், நூல் போய்வந்த இடம் பள்ளமாகிவிட்டது. போன வருடம் ஜீன்ஸ் தைக்கிற தடித்த நூலைக் கடித்தபோது அந்தப் பள்ளத்திலிருந்து விரிசல் ஒன்று மேலே ஓடியது. தண்ணீர் பட்டால் உச்சந்தலை வரை சுண்டி இழுத்தது.

கணவர் லாரி ஓட்டுகிறவர். வைத்தியத்தில் அவருக்குக் குழப்பம் கிடையாது. "வலிச்சா புடுங்கிட்டுப் போக வேண்டியதுதான? நான் ரெண்ட புடுங்கிட்டேன். என்ன கொறஞ்சு போச்சு?"

"சிரிப்பு கொறஞ்சு போச்சு" என்றார் தையலக்கா.

வருகிறவர்களோடு நாள் முழுக்கப் பேசுகிற வாய் அது. முன்பல் போனால் கையால் பொத்திக்கொண்டு பேச வேண்டும். அளவெடுக்க இரண்டு கையும் வேண்டும்.

முதலில் போனது கடைத்தெருவில் கண்ணாடிக் கதவு போட்ட கிளினிக்குக்கு. ஊருக்கு ஊர் கிளை உள்ளது. வரவேற்பில் இருந்த டிவியில் யாரோ ஒருவர் வெள்ளை வெளேரென்று சிரித்துக்கொண்டே இருந்தார். எக்ஸ்ரே பார்த்த டாக்டர், அந்தப் பல்லை எடுத்துவிட்டு, இருபக்கத்துப் பற்களையும் அராவி, மூன்றுக்கும் சேர்த்துப் பாலம் கட்டிவிடலாம் என்றார். நாளைக்கே முடித்துவிடலாமாம்.

"பக்கத்துப் பல்லு ரெண்டும் நல்லாத்தான இருக்கு?"

"நல்லா இருக்கறதாலதாம்மா அதுல புடிச்சுக் கட்டறோம்."

"கிழிசலுக்கு ஒட்டுப் போட நல்ல துணிய வெட்டுவாங்களா டாக்டர்?"

டாக்டர் கணினியைப் பார்த்தார். எழுந்து வரும்போது வரவேற்பில் இருந்த பெண்ணிடம் தையலக்கா கேட்டார்: "கருவியெல்லாம் கழுவற எடத்தக் கொஞ்சம் பாக்கலாமா?" அந்தப் பெண்ணுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "அங்கெல்லாம் யாரையும் விடறதில்ல மேடம்."

அடுத்து, 'பல் சீரமைப்பு' என்று பலகை போட்ட இடம். சீரமைப்பு என்றால் ஆல்ட்ரேஷன்தானே என்று உள்ளே போய் உட்கார்ந்தார். ஒரு மணி நேரம் கழித்துத்தான் கவனித்தார்; சுற்றிலும் வாயில் கம்பி மாட்டிய பள்ளிக்கூடப் பிள்ளைகள். அந்த டாக்டர் நல்ல மனுஷர். "நான் கோணலா இருக்கறத நேராக்கறவன்மா. உங்களுது நேராத்தான் இருக்கு. வேர் சிகிச்சை பண்றவரத் தேடுங்க" என்றார். தையலக்காவுக்கு அவரைப் பிடித்துப்போயிற்று. தனக்குக் கோட்டு தைக்க வராது என்று வாய்விட்டுச் சொல்கிற தையல்காரரிடம் சட்டையை நம்பிக் கொடுக்கலாம்.

பல் மருத்துவக் கல்லூரிக்கும் போனார். மாணவி ஒருத்தி தொட்டுப் பார்த்தாள், எழுதினாள், நிறுத்தினாள். ஆசிரியர் வந்து தலையாட்டிய பிறகுதான் அடுத்த படி. வீட்டுக்கு வந்து சொன்னார்: "பொத்தானுக்குக் காஜா எடுக்கறதக்கூட மாஸ்டர்கிட்ட காட்டிட்டு எடுக்கற எடம். தப்பு வராது." ஆனால் முறை வர மூன்று மாதமாகும். விரிசல் அதுவரை பொறுக்காது என்று அவர்களே சொல்லிவிட்டார்கள்.

"எனக்குப் பொண்ணு பாக்க எங்கம்மா ரெண்டு வீடுதான் ஏறி எறங்கினாங்க. நீ ஒரு பல்லுக்கு ஊரையே சுத்தறியே" என்றார் கணவர்.

"எங்கப்பா ஒரு வீடுகூட ஏறல. அதான் இப்படி அமைஞ்சுது."

கடைசியில் சைக்கிள் கடை மாடியில், ஒற்றை நாற்காலி போட்ட கிளினிக். நடுவயதுப் பெண் டாக்டர். வாயைப் பார்த்துவிட்டு நிதானமாகச் சொன்னார்: "அடைக்கறது, சுத்தம் பண்றது, புடுங்கறது எல்லாம் நானே பண்ணுவேன். வேர் சிகிச்சைக்குன்னே படிச்சவர் ஒருத்தர் வியாழக்கிழமை இங்க வர்றார். விரிசல் வேர் வரைக்கும் போகலன்னா காப்பாத்திடலாம். போயிருந்தா மறைக்க மாட்டோம், எடுத்துத்தான் ஆகணும்."

தையலக்கா இங்கேயும் கருவி கழுவுகிற இடத்தைப் பார்க்கலாமா என்று கேட்டார். டாக்டர் கையுறையைக் கழற்றிவிட்டுப் பின்கதவைத் திறந்தார். கழுவுகிற தொட்டி, நீராவிப் பெட்டி, தனித்தனி உறையில் ஒட்டி வைத்த கருவிகள். உறையின் ஓரத்தில் ஒரு பட்டை. சூடு சரியாக ஏறினால்தான் அது நிறம் மாறும் என்று காட்டினார். தையலக்கா ஓர் உறையைக் கையில் வாங்கி, ஒட்டிய ஓரத்தை நுனி முதல் நுனி வரை தடவினார். ஒரு சுருக்கம் இல்லை.

"வியாழக்கிழமை எத்தன மணிக்கு வரணும்?"

விரிசல் வேரைத் தொட்டிருக்கவில்லை. மூன்று வியாழக்கிழமைகளில் நரம்பு போயிற்று, வலி போயிற்று, பல் நின்றது. அதன்மேல் உறை மாதிரி கேப் ஏறியது. பக்கத்துப் பற்கள் இரண்டும் அரம் படாமல் அப்படியே இருக்கின்றன. மறுநாள் கடைக்கு வந்தவர்களைப் பார்த்தெல்லாம் தையலக்கா சிரித்தார். மின்கட்டணக் கணக்கெடுக்க வந்தவரையும் விடவில்லை.

இப்போது தெருவில் யாருக்குப் பல் வலித்தாலும் முதலில் இவரிடம்தான் வருகிறார்கள். "எடுத்தவொடன பெரிய எடத்துக்கு ஓடாத. எல்லாம் தைக்கறவங்கன்னு ஒரு ரகம், ஒரே வேலைய மட்டும் தைக்கறவங்கன்னு ஒரு ரகம். மொதல்ல எல்லாம் தைக்கறவங்ககிட்ட காட்டு. தன்னால முடியாததை அவங்க தானா சொல்லணும். சொல்லலன்னா எந்திரிச்சு வந்துடு."

போன ஞாயிற்றுக்கிழமை காலை, கடைக்குள் ஒருவர் வந்து நின்றார். ஒரு பக்கக் கன்னம் பன் மாதிரி உப்பியிருந்தது. லாரிக்காரர்தான்.

"சும்மா கேக்கறேன். அந்த மாடி டாக்டரம்மா ஞாயித்துக்கெழம இருப்பாங்களா?"

சொல்வதற்குத் தையலக்காவிடம் ஒரு வண்டிப் பேச்சு இருந்தது. அது அப்புறம். மிதியிலிருந்து காலை எடுத்தார். மிஷின் விளக்கின் கழுத்தைத் திருப்பி அவர் முகத்துக்கு நேராக வைத்து, மோவாயைப் பிடித்து மேலே தூக்கினார்.