இவருக்குப் பதில் இவர்

இதை எழுதலாமா என்று நான்கு வருடம் தயங்கினேன்.

ஆரணியில் எங்கள் தெருவில் பட்டு நூலுக்குச் சாயம் போடுகிறவர் ஒருவர் இருக்கிறார்; நகமெல்லாம் சிவப்பேறியிருக்கும். மனைவி இறந்தபின், அந்த அம்மாள் பாதியில் விட்டுப்போன சீரியலை ஒருநாள் விடாமல் தனியே பார்ப்பார். மறுமணம் பேச, போளூர்ப் பெண் ஒருத்தியின் ஜாதகத்தோடு போனேன். விஷயத்தைச் சொன்னேன். டிவியில் அம்மா வேடத்துக்குப் புது நடிகை வந்தார். "இவருக்குப் பதில் இவர்" என்று எழுத்து ஓடியது.

"பாருங்க, எல்லாம் இவங்களயே அம்மான்னு கூப்ட்டுகினு கீறாங்க. போனவங்கள ஒருத்தராச்சும் தேடறாங்களா?" என்றார்.

"கதை ஓடணும் இல்லீங்களா?"

"டிவியில ஓடட்டும். நம்ம வூட்ல அந்த எழுத்து வேணாங்க."

ஜாதகத்தை மடித்துக்கொண்டு திரும்பினேன். இன்றும் அவருக்காக அம்மனிடம் வேண்டுகிறேன். என்ன கேட்பதென்றுதான் தெரியவில்லை.

இதை யாருக்காவது சொன்னால் அப்படியே சொல்லுங்கள். முடிவில் அவருக்குக் கல்யாணம் செய்து வைத்துவிடாதீர்கள்.